மருந்து மலை ஏறட்டும்

வைத்திய வசதியைப் பற்றி நாம் பேசுகிற பொழுதெல்லாம், நோயாளி எப்பாடு பட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு பேசுகிறோமே ஒழிய, ஆஸ்பத்திரியில் உள்ள ஏதேனும் ஒன்று நோயாளியை நோக்கிப் புறப்பட்டு வரலாகாதா என்று கேட்பது அபூர்வம். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸும் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆட்டோவும் கிடைக்கிற சமவெளி ஊர்களில் இந்தக் கேள்விக்கு அவசியம் நேராமல் இருக்கலாம். ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்களுக்கு அவசியம் நேர்கிறது. ஆனால் அவர்களுடைய கேள்வி கலெக்டர் ஆபீஸ் வரையில் இறங்கி வருவதற்குள், பெரும்பாலும் ஓர் உயிர் போன செய்தியாக மாறிவிடுகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடப்பது. ஜமுனாமரத்தூர் அதன் பிரதான ஊர். அங்கிருந்து போளூருக்கு இறங்க வேண்டுமானால் சுமார் 40 கிலோமீட்டர். மாவட்டத் தலைநகரமான திருவண்ணாமலைக்கு அதைவிட வெகுதூரம். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, நாட்டாரும் ஊர்க்கவுண்டரும் கட்டிக்காத்த பழைய ஒழுங்கு இன்னும் முற்றிலும் அழிந்துவிடாத சிற்றூர்களில், சாமை விதைத்தும் புளி உலுக்கியும் தேன் எடுத்தும் ஜீவனம் செய்து வருகிறார்கள். பிரதான சாலைகள் இப்பொழுது நன்றாகவே இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கடமெல்லாம் அந்தச் சாலையிலிருந்து பிரிந்து, காட்டுக்குள் நுழைந்து, ஓடையைத் தாண்டி, குடிசைகளுக்குப் போய்ச் சேருகிற கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில்தான் இருக்கிறது. இதே மலையில் காவலூரில் 1968 முதல் வானாராய்ச்சி நடந்து வருவதையும், 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் துவக்கி வைத்து, அந்த நிலையத்துக்கு வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டிச் சென்றதையும் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் அவ்வளவு பெரிய கண்ணாடியைப் பத்திரமாக மலைமேல் ஏற்றத் தெரிந்த ஒரு தேசத்துக்குப் பத்து மருந்துக் குப்பிகளை அதே மலைமேல் ஏற்றுவது கஷ்டமாயிருக்கிறது என்றால், அதை மலையின் குற்றம் என்று சொல்லித் தப்ப முடியாது.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டியது. மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் குழந்தை இறந்து போயிற்று. பிரேத பரிசோதனை முடிந்த பின்னர் உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் மேற்கொண்டு செல்லப் பாதையில்லாமல் நடுவழியிலேயே இறக்கிவிட, பெற்ற தாய் அந்த உடலைக் கைகளில் ஏந்திக்கொண்டு மலைப்பாதையில் நடந்தாள். நாடு முழுவதும் பத்திரிகைகளில் அச்செய்தி வந்தது; அதிகாரிகள் மலை ஏறினார்கள்; சாலை போடுவதைப் பற்றிய பேச்சு வேகமெடுத்தது. சாலை வேண்டியதுதான். எனினும் அந்தச் சம்பவத்தில் சாலையைத் தவிர வேறொன்றும் நம் கவனத்துக்கு உரியது என்று நான் நினைக்கிறேன். பாம்பு கடித்த நிமிஷத்திலிருந்து விஷமுறிவு மருந்து உடம்பில் ஏறுகிற நிமிஷம் வரையில் கழிகிற காலமே அந்தக் குழந்தையின் ஆயுள். அந்தக் காலத்தைக் குறைப்பதற்கு நோயாளியை வேகமாக இறக்குவது ஒரு வழி. மருந்தும் அதைச் செலுத்தத் தெரிந்தவரும் உள்ள இடத்தை நோயாளிக்கு அருகே கொண்டுவருவது மற்றொரு வழி. முதல் வழிக்குச் சாலை வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், கோடிகள் வேண்டும், வருஷங்கள் வேண்டும். இரண்டாவது வழியில் பெரும்பகுதியை ஒரு மோட்டார் சைக்கிளும், அதை ஓட்டுகிற ஒரு வாலிபனும், அவனுக்குப் பின்னால் ஒழுங்கான ஓர் ஏற்பாடும் செய்துவிடலாம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சுமார் 58,000 பேர், மாண்டிருக்கிறார்கள் என்பது விரிவான ஆய்வு ஒன்றின் கணக்கு. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்தது. இதில் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. இந்த நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்கு வேண்டிய பாம்பு விஷத்தில் பெரும் பங்கு, செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கி வருகிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அல்லேரியில் அந்தக் குழந்தை இறந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு பழங்குடியினர் உயிரைப் பணயம் வைத்து விஷம் எடுத்துத் தருகிறார்கள்; அது வெளிமாநிலத் தொழிற்சாலைகளுக்குப் போய், குதிரையின் உடம்பில் ஏறி, மருந்தாகித் திரும்பி வருகிறது; வந்த மருந்து பல வேளைகளில் அதே மாநிலத்தின் மற்றொரு பழங்குடியினர் வாழும் மலையின் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த மருந்து உறையவைத்து உலர்த்திய பொடியாகவும் கிடைக்கிறது. திரவ மருந்தைப்போல எந்நேரமும் குளிரில் வைத்தாக வேண்டிய நிர்ப்பந்தம் அந்தப் பொடிக்கு இல்லை. ஆகையால் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவதற்கு இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. முதல் தவணைக்கே பத்துக் குப்பிகள் வரையில் தேவைப்படும். உடம்பு சிறியது என்பதற்காகக் குழந்தைக்கு அளவைக் குறைப்பதும் இல்லை. ஏனெனில் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஒரே இரவில் இரண்டு கடிகள் வந்துவிட்டால் ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தின் கையிருப்பு காலியாகிவிடும். அந்த வேளையில் பக்கத்து நிலையத்திலிருந்து பத்துக் குப்பிகளை எடுத்துக்கொண்டு ஒருவன் மலைப்பாதையில் வந்து சேர்வானானால், நோயாளியை அரைகுறைச் சிகிச்சையோடு மீண்டும் வண்டியில் ஏற்றி அடுத்த ஆஸ்பத்திரிக்கு விரட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருந்தைக் கொண்டுபோய் வீட்டுத் திண்ணையில் வைத்து ஊசி போட்டுவிட முடியாது. அது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கே உலை வைக்கும். பக்கத்தில் டாக்டரும், அட்ரினலினும், மூச்சு நின்றால் ஊதுவதற்குப் பையும் இருந்தாக வேண்டும். அல்லேரிக் குழந்தையை ஒரு மோட்டார் சைக்கிள் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது அந்தத் தாய்க்குச் செய்யும் அநியாயம்.

ரத்தத்தின் சமாசாரம் வேறு. பிரசவத்துக்குப் பின் பெருக்கெடுக்கிற உதிரம் இரண்டு மணி நேரத்தில் ஒரு தாயைக் கொன்றுவிடும் என்பது வைத்தியர்கள் அறிந்த கணக்கு. ரத்தத்தை ஏற்றுவதற்கு முன் பொருத்தம் பார்க்க வேண்டும். சேமித்து வைக்க அனுமதி பெற்ற இடம் வேண்டும். சிவப்பணுக்களை 2 டிகிரிக்கும் 6 டிகிரிக்கும் இடையே வைத்தால்தான் அவற்றின் ஆயுட்காலமாகிய சுமார் ஐந்து வாரங்கள் தாங்கும். ஆகவே எல்லாச் சிற்றூருக்கும் ரத்தம் ஏறட்டும் என்பது கற்பனை. மலையடிவாரத்துத் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு மாவட்டத் தலைநகரத்து ரத்த வங்கியிலிருந்து இரவு இரண்டு மணிக்கு ஒரு பை வந்து சேருமானால், அதுவே பெரிய காரியம். கீழிருந்து மேலே போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மேலிருந்து கீழே வர வேண்டியதும் உண்டு. காசநோய் இருக்குமோ என்று சந்தேகப்படுகிற ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பரிசோதனைக்காக இறங்கி வருவதைவிட, அவருடைய சளி மாதிரி ஒரு சிறிய குப்பியில் இறங்கி வருவது எவ்வளவோ சுலபம். இந்த இறக்கத்துக்குப் பத்திரிகைச் செய்தியாகிற கவர்ச்சி கிடையாது. உயிர் காக்கிற சக்தி மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்கிற தொண்டர் குழுக்கள் 1960-களிலிருந்தே இருந்து வருகின்றன. 'ரத்த பைக்' என்று அங்கே அவற்றுக்குப் பெயர். ஆஸ்பத்திரிகளில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களின் வண்டிகள் பகலில் ஓடுகின்றன; இரவிலும் வாரக் கடைசியிலும், டாக்ஸிக்குப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டிய ரத்தத்தையும் மாதிரிகளையும், குறைமாதக் குழந்தைகளுக்கான தாய்ப்பாலையும், இத்தொண்டர்கள் ஒரு காசு வாங்காமல் சேர்ப்பிக்கிறார்கள். பகலெல்லாம் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் தலைக்கவசத்தை மாட்டிக்கொள்ளுகிறவர்கள் அவர்கள். இதில் நான் வியப்பது அவர்களுடைய பரோபகார சிந்தையை அல்ல. அதற்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. வியப்பெல்லாம் அவர்களுடைய ஒழுங்கைக் கண்டுதான். வண்டி ஓட்டுவதில் உயர்ந்த பரீட்சை தேறாதவனை அவர்கள் சேர்ப்பதில்லை. யார் எந்த இரவு விழித்திருக்க வேண்டும் என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அழைப்பது வண்டி ஓட்டுகிறவனை அல்ல. தன் வீட்டில் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மற்றொரு தொண்டரை. எந்தச் சரக்கு, எங்கிருந்து எங்கே, எடுத்த நேரம் எது, கொடுத்த நேரம் எது என்று அவர் குறித்துக்கொள்ளுகிறார். அவசரம் என்பதற்காகக் கண்மூடித்தனமாகப் பறப்பதும் அவர்களிடம் இல்லை. பெரும்பாலான ஓட்டங்கள் மற்றவர்களைப் போலவே வேக வரம்புக்கு உட்பட்டு நடப்பவை. பத்து நிமிஷம் தாமதமாகச் சேரும் ரத்தம் பயன்படும். பள்ளத்தில் கிடக்கும் ரத்தம் யாருக்கும் பயன்படாது.

நம் தேசத்தில் இத்துறையில் பெயர் பெற்றவர் மேற்கு வங்காளத்து ஜல்பைகுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஜனாப் கரீமுல் ஹக். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1995-ல் தம் தாயாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காமல் பறிகொடுத்த அவர், பிற்காலத்தில் தம் மோட்டார் சைக்கிளையே ஆம்புலன்ஸ் ஆக்கிக்கொண்டு, சொற்பச் சம்பளத்தில் பெட்ரோலுக்கும் மருந்துக்கும் செலவிட்டு, சுற்று வட்டாரத்து நோயாளிகளைச் சுமந்து சென்றார். 2017-ல் பத்மஸ்ரீ அளித்து அரசு கௌரவித்தது. அந்த மனிதரை வணங்குகிறேன். ஆயினும் ஒருவர் தம் சம்பளத்திலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸாக இருக்க வேண்டியிருந்தது என்பதைப் பாராட்டுப் பத்திரத்தில் எழுதுகிற அதே பேனா, நிர்வாகத்தின் மேல் குற்றப் பத்திரிகையாகவும் அதை எழுதியிருக்கலாம். தவிர, உதிரம் பெருகுகிற தாயையோ, முதுகெலும்பு முறிந்தவரையோ மோட்டார் சைக்கிளில் இருத்தி இறக்குவது, வேறு கதியில்லாத வேளையில் செய்கிற காரியமே அன்றி விரும்பத்தக்க முறை அல்ல. மனிதனைச் சுமக்க அந்த வாகனம் ஏற்பட்டதல்ல. மருந்துப் பெட்டியைச் சுமப்பதானால் அதற்கு நிகர் கிடையாது.

ஆப்பிரிக்காவில் கிடைத்த அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரியா கோல்மன், பாரி கோல்மன் தம்பதியர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ராண்டி மமோலாவுடன் சேர்ந்து நிறுவிய 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்' என்ற ஸ்தாபனத்தின் பூர்வகதையைக் கேட்டால், நம் ஊர் அரசு அலுவலகங்களின் கொல்லைப்புறம் ஞாபகத்துக்கு வரும். 1980-களின் கடைசியில் ஸோமாலியாவுக்குச் சென்றபோது, தானமாக வந்த மோட்டார் சைக்கிள்கள் சில்லறை உதிரிப் பாகங்கள் இல்லாத ஒரே காரணத்தால் ஓடாமல் துருப்பிடித்துக் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். வண்டி வாங்கிக் கொடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். எண்ணெய் மாற்றவும், செயினை இறுக்கவும், பிரேக் கட்டையைப் பார்க்கவும் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. ஆகையால் அவர்கள் தானம் கேட்பதைவிட்டு, பராமரிப்பையே ஸ்தாபனத்தின் பிரதான வேலையாக எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுகிறவனே தினமும் காலையில் வண்டியைச் சோதிக்கக் கற்க வேண்டும். குறித்த தூரம் ஓடியதும், பழுதானாலும் ஆகாவிட்டாலும், வண்டி பட்டறைக்கு வந்தாக வேண்டும். லெசோத்தோ என்ற மலை நாட்டில், தொலைதூரச் சிகிச்சை நிலையங்களிலிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆய்வுக்கூடத்துக்கும், முடிவுகளைத் திருப்பி நிலையங்களுக்கும் கொண்டுபோகிற வேலையை இம்முறையில்தான் அவர்கள் நடத்தினார்கள்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு ஜவ்வாது மலையைப் பார்க்க வேண்டும். ஜமுனாமரத்தூரில் ஒரு சந்தை நாளில் நின்று கவனித்தால் அங்குள்ள மோட்டார் சைக்கிள் எதையெல்லாம் சுமக்கிறது என்பது தெரியும். புளி மூட்டை, காஸ் சிலிண்டர், பலாப்பழம், ரேஷன் அரிசி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம், இவை எல்லாமே சைக்கிள் ட்யூபைக் கிழித்த ரப்பர்ப் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டோ, ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டோ, கல்லும் சரளையுமான பாதையில் மேலே போகின்றன. நோயாளியும் இப்படித்தான் வருகிறார்: முன்னே ஓட்டுகிறவன், பின்னே தாங்கிப் பிடிக்கிறவன், நடுவே ஜுரத்தில் தலை சாய்ந்த உடம்பு. வண்டியும் போகாத இடங்களில் டோலி கட்டித் தூக்குகிறார்கள். எந்த மழைக்கு எந்த ஓடை பெருகும், எந்த வளைவில் மண் சரியும், எந்தப் பாறையின் மேல் ஏறி நின்றால் செல்போனில் சிக்னல் கிடைக்கும் என்பதெல்லாம் அங்குள்ள வாலிபர்களுக்கு மனப்பாடம். இதே மலைச்சரிவுகளை அடுத்த செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், எங்கே வழுக்கும், எங்கே எச்சரிக்கை வேண்டும், எங்கே இராத் தங்கலாம் என்று வழி தெரிந்த கூத்தன் வழி தெரியாத கூத்தனுக்குச் சொல்லுகிற நூல் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை இப்போது கையில் வைத்திருப்பவர்கள் இந்த வாலிபர்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரி நிர்வாகத்தில்தான் ஆள் இல்லை.

மலைக்குப் பெட்டி ஏறுவது ஒன்றும் புதிய சம்பிரதாயமும் அல்ல. தடுப்பூசித் திட்டத்தில், குளிர்பதன வசதி உள்ள நிலையத்திலிருந்து ஊசி போடும் இடத்துக்கு மருந்தைச் சேர்ப்பிக்கிற ஆளுக்கு நடைக்கு இவ்வளவு என்று பணம் தருகிற ஏற்பாடு தேசமெங்கும் பல வருஷங்களாக நடப்பில் இருக்கிறது. அந்த நீலப் பெட்டியைத் திறந்து பார்த்தால் நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பைகள் நிற்கும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்ததும் அவற்றை உள்ளே வைத்துவிடக் கூடாது. வெளியே மேஜை மேல் பரப்பிவைத்து, மேற்புறம் வியர்த்து, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் அலம்புகிற சப்தம் கேட்கிற வரையில் பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால், சூட்டினால் கெடுவதற்குப் பதிலாகக் குளிரினால் உறைந்து கெட்டுப்போகிற தடுப்பூசிகள் சில உண்டு. குப்பியின் மேல் ஒட்டிய சிறு வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டிருந்தால் அதன் நிறம் கறுத்து, இது உதவாது என்று தானே சொல்லிவிடும். கிராமத்து நர்ஸம்மாவுக்கு இதெல்லாம் கைவந்த வித்தை. ஆகவே குளிர் குலையாமல் மலைக்கு மருந்து கொண்டுபோகும் சாஸ்திரத்தை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பெட்டி இறங்குகிற வழியில் பெரும்பாலும் காலியாக இறங்குகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் நோயாளியின் சளியையும் ரத்தத்தையும் வைக்கக் கூடாது. அது கண்டிப்பான விதி, மீறவும் கூடாது. ஆனால் அதே ஆள், அதே வண்டியில், வேறு நிறத்தில் வேறொரு பெட்டியைக் கொண்டு இறங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

'தொண்டு' என்றதும் செலவில்லாதது என்று நினைத்துக்கொள்ளுகிற வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஒருவன் தன் இரவை, தன் உறக்கத்தை, தன் உடம்பின் பலத்தைத் தருகிறான், அது தானம். பெட்ரோலும், டயரும், தலைக்கவசமும், விபத்துக் காப்பீடும் தானத்தில் சேர்ந்தவை அல்ல. ரத்ததானம் செய்ய வருகிறவனிடம் ஊசியும் பையும் நீயே வாங்கி வா என்று யாரும் சொல்லுவதில்லை. சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 முதல் விலைக்கு ரத்தம் விற்பது இந்த நாட்டில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் ரத்தம் கிடைக்கிறதென்றால், கொடுக்கிறவன் கையை மட்டும் நீட்டினால் போதும் என்று, மற்றவற்றையெல்லாம் ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டதே காரணம். மலைப்பாதையில் மருந்து சுமக்கிறவனுக்கும் இதே நியாயத்தைச் செய்ய வேண்டும். சட்டத்தின் பாதுகாப்பும் அவனுக்குத் தேவை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களைக் காக்கிறது. விபத்து நடந்த இடத்தில் உதவுவதையும், அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதையும் பற்றியே அது பேசுகிறது. மருந்தை எடுத்துக்கொண்டு போகிறவன் அதன் எல்லைக்குள் வருவதாகத் தெரியவில்லை. வழியில் அவன் விழுந்துவிட்டால், கேட்பாரற்றவன்.

அவன் விழக்கூடும் என்பதை லேசாக எண்ணிவிடவும் முடியாது. 2022 ஏப்ரலில் புதூர்நாடு பக்கத்துச் சேம்பரையில் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். மலைப்பாதை நல்லவன், தொண்டன் என்று பாராட்டி இடம் விடாது. இருபது வயதுப் பையன் ஒருவனிடம் உயிரைக் காப்பாற்றப் போகிறாய் என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிவிட்டால், அந்த வார்த்தையே அவனை வேகமாக ஓட்டச் செய்துவிடும். ஆகையால் முதலில் கற்பிக்க வேண்டியது நிதானம்: பனி இறங்கினால் நிற்கலாம், ஓடை பெருகினால் திரும்பலாம், சேர்க்க முடியவில்லை என்று போன் செய்து சொன்னால் அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்பதை எழுத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெதிராக ஒரு வாதம் உண்டு. அதை அசட்டை செய்ய முடியாது. சாலை போடுவதும், டாக்டரை அமர்த்துவதும், மருந்தை இருப்பில் வைப்பதும் அரசின் கடமை. இவ்விடத்தில் தொண்டர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால், கடமையைச் செய்யாதவர்களுக்கு அது சௌகரியமான மறைப்பாகிவிடும் என்பார்கள். ஓரளவு நிஜம். கரீமுல் ஹக்கைப் பாராட்டிய கையோடு ஜல்பைகுரியைப் போன்ற எத்தனையோ இடங்களைப் பாராமுகமாய் விட்டோம் அல்லவா? ஆனால் சாலை வருகிற வரையில் பாம்பு காத்திருப்பதில்லை. சாலைக்குச் சட்டமும் தடையல்ல. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3-ஆம் பிரிவிலேயே, கிராம சபை சிபாரிசு செய்தால், ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், சாலைக்கும் மருந்தகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. அந்த வழியை உபயோகிக்கும்படி கிராம சபைகள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து ஓட்டத்தின் குறிப்புப் புத்தகமே அக்கோரிக்கைக்குச் சாட்சியாகும்: எந்த இரவில் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று, எந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்க நேர்ந்தது என்று தேதிவாரியாக எழுதி வைத்த புத்தகத்தைக் கலெக்டரின் மேஜைமேல் வைத்தால், வெறும் மனுவைத் தள்ளுவதைப்போல அதைத் தள்ளிவிட முடியாது.

ஆகாய மார்க்கமாக, டிரோனில் அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2021-ல் தெலங்கானாவின் விகாராபாத்திலும் மணிப்பூரிலும் மருந்தையும் தடுப்பூசியையும் டிரோன் மூலம் அனுப்பிப் பார்த்தார்கள். 2023-ல் டெல்லிப் பக்கத்தில் ரத்தப் பையையே அனுப்பினார்கள். நல்ல பரீட்சைகள். ருவாண்டாவில் 2016 முதல் ரத்தம் அவ்வாறே பறந்து போகிறது. ஒரு நாள் ஜவ்வாது மலைக்கும் அது வரட்டும். ஆனால் டிரோன் பழுதானால் பார்க்கிற மெக்கானிக் போளூரில் இல்லை. மோட்டார் சைக்கிள் பழுதானால் பார்க்கிறவன் ஜமுனாமரத்தூரிலேயே இருக்கிறான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல், மலையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த மலையும் அதன் அடிவாரமும் வட ஆற்காடு ஜில்லாவாக ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் திருப்பத்தூர் பிரிந்தது. நிர்வாக வசதிக்கு அவை நல்லவையாக இருக்கலாம். ஆனால் மலையின் ஒரு சரிவில் இருக்கிற சிற்றூருக்கு மறு சரிவில் உள்ள, வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஆஸ்பத்திரிதான் சமீபம் என்றால், அங்கிருக்கும் மருந்தை இங்கே கொடுப்பதற்கு யாருடைய பேரேட்டில் எழுதுவது, எந்தத் துணை இயக்குநரின் கையெழுத்து வேண்டும் என்ற கேள்விகள் எழுந்துவிடுகின்றன. நள்ளிரவில் ஸ்டோர் ரூம் சாவியை வைத்திருக்கிற ஒரு பார்மசிஸ்ட் அக்கேள்விகளுக்கு விடை காண முடியாது. ஆகையால் வண்டி வாங்குவதற்கும் தொண்டர்களைச் சேர்ப்பதற்கும் முன்னதாக, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் கலெக்டர்கள் மூவரும் ஒரு மேஜையில் அமர்ந்து, மலைமேல் உள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையம் கேட்டாலும், மூன்று மாவட்டங்களில் எந்த ஆஸ்பத்திரி சமீபமோ அது முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கை நேர் செய்துகொள்ளலாம் என்று ஒரே உத்தரவில் கையெழுத்திட வேண்டும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் செய்துவிடலாம்.